பாய்மரக் காசு

அவெல் என்ற பாய்மரப் படகில் ஏறுகிறவர்கள் முதலில் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும். ஏணியின் கீழ்ப்படியில் கம்பியால் கட்டிய ஜாம் பாட்டில் ஒன்று தொங்கும். சில்லறையோ சாவியோ பித்தளைப் பொத்தானோ, எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் மேலே கால் வைக்கலாம். விருந்தாளி என்றெல்லாம் படகுக்காரன் கூல்வென் பார்க்க மாட்டான். சொந்த அண்ணனையே ஒருமுறை பாதி ஏணியிலிருந்து கீழே இறக்கியிருக்கிறான். அலுமினியப் படகின் அடியில் ஒரே ஒரு செப்புக் காசு விழுந்து, அதோடு கொஞ்சம் உப்புத்தண்ணீரும் தேங்கினால் போதும். காசுக்கு ஒன்றும் ஆகாது. தகடுதான் கரையும். ஊரில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் பாட்டிலில் போட்டார்கள்.

அந்தப் படகின் அடித்தகட்டில்தான் இப்போது சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அக்டோபரில் படகைக் கரையேற்றி, எப்போதும் போல பக்கத்துப் பண்ணை மதாம் கெர்தோனின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், காலிஃப்ளவர் வயல் ஓரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அடியில் ஓரிடம் மட்டும் காயவே இல்லை. மழை ஈரம் என்று விட்டிருந்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் கூல்வென் அந்த இடத்தைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தான். திருப்புளி உள்ளே போய்விட்டது. எட்டு மில்லிமீட்டர் தகட்டில், ஈரமான பிஸ்கட்டில் போகிற மாதிரி போய்விட்டது.

மறுநாள் மதாம் கெர்தோன் டிராக்டரின் தூக்குக்கையால் பாய்மரத்தைத் தூக்கினாள். மரம் என்று சொல்வது பழக்கத்தில்தான், அதுவும் அலுமினியக் குழாய்தான். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை இறங்கி நிற்கும். அதன் கால் ஆடாமல் பிடிக்க கூல்வெனின் மனைவி அசெனோர் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தாள். கால் ஒரு சாண் உயர்ந்ததும் அடியில் தெரிந்தது. கோதுமை மாவைக் கொட்டியது போல வெள்ளைப் பொடி. அதன் நடுவே பாசி நிறத்தில் வட்டமாக ஒன்று.

மேலேயிருந்து கூல்வென் கத்தினான். "பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன்."

ஒரு கை மரத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அந்தக் காசை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டது. அவன் இறங்கி வந்தபோது வெள்ளைப் பொடியும் ஓட்டையும் மட்டுமே இருந்தன.

அதை அங்கே வைத்தவள் அவள்தான். நான்கு வருடங்களுக்கு முன், முதல் முறை மரம் நிறுத்திய நாளில். அதன்பின் மரத்தைக் கழற்றவே இல்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவின் மீன்பிடிப் படகுக்குப் புது மரம் போட்டார்கள். படகு பத்திரமாகத் திரும்ப, மரத்தடியில் காசு வைக்காமல் அந்தக் கரையில் யாரும் மரம் நிறுத்துவதில்லை. அன்றைக்குத் தச்சருக்கு அவசரம், மழை வேறு. அம்மா காசை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மரம் நின்றுவிட்டது. அது செப்டம்பர். நவம்பரில் படகு திரும்பவில்லை. வைக்காத காசு பொத்தான் டப்பாவில் தங்கிவிட்டது. எந்தக் கடையிலும் செல்லாத, தேய்ந்த வெண்கலக் காசு. அசெனோர் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாடாவை நான்கு சுற்று சுற்றிவிட்டால் தகட்டில் படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூல்வென் மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் வைத்துவிட்டாள். உப்புத்தண்ணீரில் நாடாப் பசை எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடம் அலுமினியப் படகுக் கூடத்தில் வெல்டிங் செய்தவள். தெரிந்தேதான் தெரியாதவளாக இருந்தாள்.

இந்தப் படகின் தகடுகளைப் பதினொரு வருட சனிக்கிழமைகளில் கூல்வென் வெட்டினான், அவள் பற்றவைத்தாள். மற்ற நாட்களில் அவன் துறைமுகத்தில் மணல் அள்ளும் கப்பலில் வேலை பார்த்தான். மே மாதக் கடைசியில் அவனுக்கு ஓய்வு. ஜூனில் அயர்லாந்துக்குப் பாய் விரித்துப் போவதாக இருந்தது. மகள் ரோசென் அங்கே இருக்கிறாள், ஜூலையில் பிரசவம். பேரனோ பேத்தியோ பிறக்கிறபோது அங்கே துறைமுகத்தில் அவெல் நிற்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதைப் பற்றி இப்போது அவன் பேசுவதில்லை.

"உன் வெல்டிங் இல்ல," என்றான் முதல் நாளே. "உன் கோடு ஒண்ணுகூட அசையல. புதுசு மாதிரி இருக்கு. என் ஒயரிங்தான். எங்கயோ கரண்ட் கசிஞ்சு தகட்டை அரிக்குது. நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்."

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். குழாயை மூடியபோது அவன் எழுந்து போயிருந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. வேலை முடிந்து வந்ததும் அவன் படகுக்குள் போய் ஒயர்களைப் பிடுங்கினான். ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததுதான் அவனை அரித்தது. வெளியே நூலாகத் தூறல், கொட்டகையிலிருந்து சாண நெடி, படகுக்குள் அவனுடைய தலைவிளக்கு அங்குமிங்கும் அலையும். அவள் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வந்து கறுப்புக் கோதுமை அடை சுடுவாள். முட்டை, சீஸ், அவனுக்குப் பிடித்த மாதிரி ஓரம் உப்பு வெண்ணெயில் மொறுமொறுத்திருக்கும். பாதியைத் தின்று மீதியை மடித்து வைப்பான்.

"உப்பு கம்மியா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பதினொரு வருஷம் கட்டினதுல எது சரி எது தப்புன்னே தெரியல அசெனோர். ஒரு ஓட்டை கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தனையோ? உன்னையும் கூட்டிக்கிட்டு நடுக்கடல்ல போய்..." கத்தியைத் தட்டின் மேல் வைத்தான். "ரோஸ்கோஃப்ல ஒருத்தன் இருக்கானாம். இருக்கற நிலையிலயே எடுத்துக்கறானாம். வெட்டி உருக்கறதுக்கு."

"ஃபாஞ்ச் வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் யாருகிட்ட வேணா பேசு."

"ஃபாஞ்ச் மெஷின் வாடகைக்கு விடறவன். மெஷின் வேணும்னுதான் சொல்லுவான்."

"வந்து பாக்கட்டும்ங்கறேன்."

அன்று இரவு முழுக்க அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஓட்டையை அடைத்துவிட்டால் போதும், காரணம் தானாக மறந்துபோகும். நல்ல வெல்டிங் எல்லாவற்றையும் மூடும். இப்படி நினைத்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அழுக்கின் மேல் பற்றவைக்காதே என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள் அவள்.

ஃபாஞ்ச் சனிக்கிழமை காலை வந்தான். படகுக்கூடத்தில் அவளோடு ஒன்றாக வேலை பார்த்தவன். இப்போது வேனில் வெல்டிங் மெஷின்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வாடகைக்கு விடுகிறான். பெரிய வயிறு, சின்னக் குரல்.

"என்ன கூல்வென், மூஞ்சி துவைச்சுப் போட்ட துணி மாதிரி இருக்கு? அசெனோர், இவனுக்குச் சோறு போடறியா இல்லையா?"

"போடறேன். திங்கறதுதான் இல்ல."

"என்கிட்ட அனுப்பு. நான் திங்கறேன்."

சாவிக்கொத்தைத் தானாகவே ஜாம் பாட்டிலில் போட்டுவிட்டுப் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஓட்டையைச் சுற்றி விரல் முட்டியால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். வெகுநேரம் தட்டினான். பிறகு ஈரப்புல் ஒட்டிய முதுகோடு எழுந்து வேனின் பின்கதவைத் திறந்தான்.

"ரெண்டு இருக்கு. இந்தப் பெரிசு, மிக். கம்பி சுருள்லேருந்து தானா ஓடி வரும். அலுமினியக் கம்பி நூடுல்ஸ் மாதிரி, நீளக் குழாய்ல தள்ளினா சிக்கிக்கும். அதனால சுருள் துப்பாக்கி மேலயே உக்காந்திருக்கு. மீட்டர் கணக்குல கோடு இழுக்கணும்னா இதுதான். வேகம். ஆனா ஆரம்பிக்கற இடத்துல தகடு சூடாகியிருக்காது, ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது."

"தெரியும்," என்றாள் அசெனோர்.

"உனக்குத் தெரியும்டி, உன் புருஷனுக்குச் சொல்றேன். இந்தச் சின்னது டிக். ஒரு கையில தீ, ஒரு கையில கம்பி. மெதுவு. ஆனா என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்துக்கிட்டே செய்யலாம். இருபது கிலோதான், நீயே தூக்கிக்கிட்டு ஏணி ஏறிடுவ. இருநூறு ஆம்பியர். எட்டு மில்லித் தகட்டுக்குக் கொஞ்சம் திணறும். முதல்ல கேஸ் தீயால சூடேத்திக் குடுத்தா இழுத்துடும்."

"கரண்ட்?" என்று கேட்டாள். "கொட்டகையில பதினாறு ஆம்பியர் பிளக்குதான். இங்கேருந்து அறுபது மீட்டர். அவ்வளவு வயர் போட்டா பாதியிலயே மெஷின் மூச்சு விட்டுடும்."

"மதாம் கெர்தோன் கரண்ட் போனா மாடு கறக்க எதை ஓட்டறாங்க?"

"டிராக்டர்ல மாட்டற ஜெனரேட்டர்."

"அதை இங்க கொண்டுவரச் சொல்லு. மீட்டர் வெச்சுப் பாத்துடறேன். அதெல்லாம் பெரிய விஷயமில்ல." ஃபாஞ்ச் வேன் விளிம்பில் உட்கார்ந்தான். வேன் இறங்கியது. "விஷயம் வேற. ஏன் ஓட்டை விழுந்துச்சுன்னு சொல்லுங்க. அது தெரியாம எந்த மெஷின்னு நான் சொல்ல முடியாது. ஒரே ஒரு இடம்னா கையளவு வெட்டி எடுத்துட்டு ஒரு வில்லை வெச்சு டிக்ல முடிச்சுடலாம். ஒரு நாள் வேலை. கரண்ட் கசிவுன்னா அது ஒரு இடத்தோட நிக்காது. இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. அடித்தகடு மொத்தத்தையும் அறுத்து எறியணும். அதுக்குப் பெரிசு. ஆறு மாசம்."

"கசிவுதான்," என்றான் கூல்வென்.

"பாத்தியா?"

"மூணு வாரமாப் பாக்கறேன். கிடைக்கல. கிடைக்கலன்னா இல்லன்னு அர்த்தமில்ல."

"மத்த இடமெல்லாம் தட்டிப் பாத்தேன், கணீர்னு இருக்கு."

"இங்கயும் போன வருஷம் கணீர்னுதான் இருந்துச்சு." கூல்வென் படகின் வயிற்றில் கையை வைத்தான். மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல ஒரு முறை தட்டினான். "மெஷினை ஏத்திக்கிட்டுப் போயிடு ஃபாஞ்ச். ஆறு மாசம் எல்லாம் வேணாம். ரோஸ்கோஃப்காரன் திங்கக்கிழமை லாரி அனுப்பறேன்னான். நான் சரின்னு சொல்லிடறேன்."

மேற்கிலிருந்து காற்று வந்து காலிஃப்ளவர் இலைகளை ஒரே நேரத்தில் புரட்டிப் போட்டது. அசெனோர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மூன்று வாரமாகப் பல விதமாகத் தயாரித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கோட்டுப் பையில் காசு இருந்தது. அங்கேயே விட்டிருந்தாள், எடுத்து வேறிடத்தில் வைத்தால் ஒளித்ததாகிவிடும் என்பது போல.

ஏணியருகே நடந்தாள். பாட்டில் மூடியைத் திருகினாள். காசை உள்ளே போட்டாள். ஃபாஞ்சின் சாவிகள் மேல் விழுந்து அது சத்தம் போட்டது.

கூல்வென் திரும்பினான்.

"நாலு வருஷம் லேட்டு," என்றாள்.

அவன் வந்து பாட்டிலைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தான். பச்சை பூத்த காசு கண்ணாடியில் சாய்ந்து நின்றது.

"எங்க இருந்துச்சு?"

"மரத்தடியில."

"யாரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பொத்தான் டப்பாவை அவனும் பார்த்திருக்கிறான், அதற்குள் இருந்த காசின் கதையும் தெரியும். "அப்பாவோடதா?"

தலையாட்டினாள். "நாடா சுத்தி வெச்சேன். சுத்தினா போதும்னு நெனச்சேன். போதாதுன்னும் தெரியும்."

ஃபாஞ்ச் எழுந்தான். "ஆர்கான் சிலிண்டர் இருக்கான்னு பாத்துட்டு வரேன்," என்று வேனுக்கு அந்தப் பக்கம் போனான். சிலிண்டர் இந்தப் பக்கம்தான் இருந்தது.

கூல்வென் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பாட்டிலை மெதுவாகப் பழைய இடத்தில் தொங்கவிட்டான்.

"வெச்சது சரி," என்றான். "உங்கப்பாவை நெனச்சு வெச்ச. அதை நான் புரிஞ்சுக்க மாட்டேனா? ஆனா மூணு வாரமா நான் ஒயரைப் பிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நீ பாத்துக்கிட்டு இருந்த. அடை சுட்டுக் குடுத்து, உப்பு கம்மியான்னு கேட்ட."

அவன் வயலின் வரப்பில் இறங்கி நடந்தான். வரிசையான காலிஃப்ளவர் தலைகளுக்கு நடுவே அவனுடைய நீலக் கோட்டு சிறுத்துக்கொண்டே போனது.

ஃபாஞ்ச் திரும்பி வந்து மூக்கைச் சொறிந்தான். "சரி. அப்ப டிக்."

"ம்."

"அழுதுட்டுப் பேசறியா, பேசிட்டு அழுவறியா?"

"பேசு."

"காலால மிதிக்கற பெடல் தரட்டுமா, கையில பட்டன் போதுமா?"

"படகுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு எந்தக் காலால மிதிக்கச் சொல்ற? பட்டன் குடு."

"உன் தோள்? அதனாலதானே கூடத்தை விட்ட."

"தோள் என்னுது. நீ கம்பியைச் சொல்லு. அஞ்சாயிரத்து வகை, மக்னீசியம் கலந்ததுதானே? சிலிக்கான் கம்பியை என் தலையில கட்டிடாத. இந்தத் தகட்டுக்கு அது சேராது, விரிசல் விடும்."

"பள்ளிக்கூடத்துல சூப்பு ஊத்தினாலும் நாக்கு அப்படியேதான் இருக்கு," என்றான். "புது பிரஷ்ஷும் தரேன். இரும்புல தேச்ச பிரஷ்ஷை இதுல வெச்ச, உன்னைக் கொன்னுடுவேன்."

அன்று இரவு கூல்வென் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்று அடை தின்றான். நான்காவதற்குத் தட்டை நீட்டினான். அவள் கல்லின் முன் நின்றுகொண்டே அதைப் பார்த்தாள். கோபம் அவனுக்குப் பசியைத் திருப்பிக் கொடுத்திருந்தது. ரோஸ்கோஃப்காரனுக்குப் போன் போகவில்லை. மூன்று வாரமாகத் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அவளை மட்டும்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று தோன்றியது. தாங்க முடியவில்லை என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

மறுநாள் காலை ஏணியில் ஜாம் பாட்டிலைக் காணவில்லை. கம்பி மட்டும் தொங்கியது. இனி யார் பையைக் காலி செய்து என்ன ஆகப்போகிறது என்று எடுத்துவிட்டான் போல. அந்த வெறும் கம்பிதான் அவளை அதிகம் வதைத்தது. அப்பாவின் காசு சமையலறை ஜன்னலில், சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பற்றவைப்பு. அரித்த இடத்தை ஃபாஞ்ச் வட்டமாக அறுத்து எடுத்தான். மூலையில்லாமல் இருந்தால்தான் விரிசல் பிடிக்காது. அவள் விளிம்பைச் சாய்வாகச் சீவி, அசிட்டோனால் துடைத்து, புது பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து, புது வில்லையைப் பொருத்தினாள். டிராக்டர் உறுமியது. மதாம் கெர்தோன் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டே ஜெனரேட்டரைக் கவனித்தாள்.

உள்பக்கம் சுலபமாக முடிந்தது. பல வருடம் தொடாத கை, முதல் நிமிடம் மட்டும்தான் தயங்கியது. வெளிப்பக்கம்தான் வம்பு. மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலே செய்ய வேண்டும். சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்தாலும் காற்று அடியில் புகுந்து, உருகும் உலோகத்தை மூடிக் காக்கும் ஆர்கான் வாயுவை ஊதிவிட்டது. பளபளவென்று குளமாக நிற்க வேண்டிய உலோகம் கரி பூசிக்கொண்டு பொத்தல் பொத்தலாகக் கொதித்தது. நிறுத்தினாள். அரைத்து எடுத்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கரி. தோளில் சூடான ஆணி இறங்கியது.

"காத்து விடட்டும், நாளைக்குப் பாக்கலாம்," என்று ஃபாஞ்ச் வெளியேயிருந்து கத்தினான்.

"சூடு இறங்கிடும். இப்பவே."

மூன்றாவது முறை தீயைப் பிடித்தபோது குளம் அசையாமல் நின்றது. வெள்ளி மாதிரி. கம்பியை ஒரு துளி வைத்தாள், விலக்கினாள், இன்னொரு துளி. காற்று நின்றுவிட்டதா? வயலில் இலைகள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வட்டத்தை முடித்து, முகமூடியைத் தூக்கி, பக்கவாட்டில் பார்த்தாள். தார்ப்பாயின் விளிம்பில், சேற்றில், யாரோ நீளமாகப் படுத்திருந்தார்கள். துணிக்கு அடியில் இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. இடது பூட்ஸின் கயிறு எப்போதும் போல அவிழ்ந்திருந்தது.

"ஊதறது நின்னுச்சா?" என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஒரு வாரத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை.

"நின்னுச்சு."

"அப்ப எந்திரிக்கலாமா? முதுகு நனையுது."

மறுநாள் அவனே உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி வைத்தான். நூலளவு துளை இருந்தாலும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை விழும். ஒரு ராத்திரி கழித்துப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "பிடிச்சிருக்கு," என்றான். பேச்சு வந்துவிட்டதே தவிர, பழைய பேச்சு வரவில்லை. ஒயரிங்கை அவன் திரும்பப் போட்டான், அவள் விளக்கு பிடித்தாள். சில நாட்கள் அப்படியே போயின.

ஏப்ரல் கடைசியில் மரம் நிறுத்தினார்கள். அபூர்வமான வெயில். மதாம் கெர்தோன் மரத்தைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். ஏணியருகே வந்தபோது அசெனோர் நின்றாள். கம்பியில் ஜாம் பாட்டில் மறுபடி தொங்கியது. அதில் நீர் நிரம்பியிருந்தது. நீருக்குள் ஓர் அலுமினியத் துண்டு, படகு கட்டியபோது மிஞ்சிய அதே தகடு. அதன் மேல் ஒரு வெளிர்நிறக் காசு.

"கடல்தண்ணி," என்றான் கூல்வென். "ஞாயித்துக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில கிடைச்சுது. போர் முடிஞ்சு செம்பு இல்லாத காலத்துல அலுமினியத்துலயே காசு அடிச்சாங்கல்ல, அது. அஞ்சு வாரமா ஊறுது. பாரு."

அவள் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். தகட்டில் வெள்ளைப் பொடி இல்லை. நீர் தெளிந்திருந்தது. அஞ்சு வாரம் என்றால் அவள் சொன்ன மறுநாளிலிருந்தே. பேசாத நாட்களிலும் அவன் இதைத் தினம் குலுக்கிப் பார்த்திருப்பான்.

"நீ இதெல்லாம் நம்பறதில்லையே," என்றாள்.

"நான் எங்க நம்பறேன்? ஆனா நீ மறுபடி எதையாவது ஒளிச்சு வெப்ப. அதுக்கு நானே பாத்து எடுத்துக் குடுத்தா தேவலை."

"இனி ஒளிக்க மாட்டேன்."

"பாக்கலாம்." பாட்டிலைச் சாய்த்துக் காசை எடுத்துக் கால்சட்டையில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். இலையளவு கனம்கூட இல்லை. "மதாம் எவ்வளவு நேரம் தொங்கவிட்டுக்கிட்டு இருப்பாங்க, ஏறு. இரு, பையில என்ன?"

"கைக்குட்டை."

"காட்டு."

காட்டினாள். இரண்டு பையையும் வெளியே இழுத்து, காது மாதிரி தொங்கவிட்டபடியே ஏணி ஏறினாள். உள்ளே குனிந்து, வட்டமான புது வெல்டிங்கின் ஓரத்தில், மரம் இறங்கும் இடத்தில் அந்தக் காசை வைத்தாள். மேலே வானத்தை மறைத்துக்கொண்டு மரம் இறங்கி வந்தது.

"பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன்."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்," என்றாள் அசெனோர்.